இரண்டு நிழல்காரர்

அர்காதி ஸிமினை நாங்கள் உச்சி வெயிலில் புதைத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. வேறு ஊராக இருந்தால் காலையிலோ சாயங்காலமோ எடுத்திருப்பார்கள். எங்கள் வெள்ளைத்துறையில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே போய், வெயில் உறைக்கத் தொடங்கியதும் உப்பு வாரும் பலகையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர்கள் வந்து குளித்து, கண்ணுக்குள் மிச்சமிருக்கும் வெள்ளையைத் தண்ணீர் அடித்துப் போக்கி, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டால்தான் பாடைக்குத் தோள் கிடைக்கும் என்பதால், எங்கள் ஊரில் சாவு எப்போதும் உச்சியில்தான் புறப்படும். எங்கள் சொந்தச் சாவுகளில் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒரு நிழல்தான். உச்சியில் அது உடம்புக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும், உடம்போடு குழிக்குள் போய்விடும். ஸிமினுக்கு நிழல் இரண்டு. அது ஊருக்கே தெரியும். தெரிந்திருந்தும் மறந்துபோனோம்.

அவருடைய நாடு கலைவதற்கு முந்தைய வருஷம் அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு தோல்பெட்டி. வழுக்கைத் தலையும் மெலிந்த கழுத்துமாக ஒரு நிழல் அவர் காலோடு ஒட்டி வந்தது. இரண்டு எட்டுப் பின்னால், நீண்ட மேல்கோட்டும் தொப்பியும் போட்ட இன்னொரு நிழல் வந்தது. அவர் நின்றால் முதல் நிழல் கூடவே நின்றது. மற்றது ஒரு கணம் தாமதித்து நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். உப்பளத்தில் பலகை பிடிக்கும் பிச்சைக்கனிதான் முதலில் பேசினான்.

"வெளிநாட்டுக்காரருல்லா. அங்க ஆளுக்கு ரெண்டு குடுப்பாவ போல. நமக்கு ஒண்ணுக்கே தடவலா இருக்கு."

அதோடு அந்த விஷயம் முடிந்தது. சிரித்துவிட்டு அவருக்கு ஒரு டீ சொன்னார்கள். அவர் பால் வேண்டாம் என்றார், கண்ணாடி கிளாசில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார், ஒன்றைத் தான் குடித்தார், இன்னொன்றை இரண்டு எட்டுத் தள்ளித் தரையில் வைத்தார்.

ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தார். ஊர் அவர் பெயரை அர்காதி என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சில மாதங்களில் ஆர்க்காட்டார் என்று ஆக்கிக்கொண்டது. அவரும் தமிழைக் கற்றுக்கொண்டு, எங்கள் ஊர்த் தமிழைத்தான் கற்றுக்கொண்டு, "என்னவே, சொகந்தானா?" என்று கேட்டபடி அளத்துப் பாதையில் நடந்தார்.

அவருடைய கதையை அவர் ஒரு மூச்சில் சொன்னதில்லை. மின்சாரம் போகும் மத்தியானங்களில் விசிறிக்கொண்டே துண்டுதுண்டாகச் சொன்னதை நான் ஒட்டி வைத்திருக்கிறேன். ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது ஒரு பகடி சொன்னதற்காக அவருடைய அம்மாவைத் தூரத்து உப்பேரிக் கரைக்கு அனுப்பினார்கள். குழந்தையாக அவரும் போனார். கைதிகள் பனியில் வெறுங்காலோடு நின்று உப்பு வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தார். பெரியவனாகி, பார்த்ததை எழுதினார். அந்தப் புத்தகத்தை யாரும் அச்சடிக்கவில்லை. கார்பன் வைத்து மெல்லிய தாளில் தட்டச்சுச் செய்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. சிக்கிய கைகள் திரும்பி வரவில்லை. பிறகு அவரையே சிறைக்குக் கொண்டுபோனார்கள், சில வருஷம் கழித்து, நீ இனிமேல் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொல்லி ஒரு விமானத்தில் ஏற்றினார்கள். போய் இறங்கிய பெரிய நகரங்களில் மாலை போட்டார்கள், மேடையில் ஏற்றினார்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்களுக்கு அலுத்தபோது கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்பொறம் தேடுனேன்" என்றார். "பனி இல்லாத உப்பு எங்க இருக்குன்னு. ஒங்க ஊர் இருந்துச்சு."

இரண்டாவது நிழலைப் பற்றியும் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அவருடைய பழைய வீட்டுக்கு எதிரே, விளக்குக் கம்பத்தடியில், வருஷக்கணக்காக ஓர் இளைஞன் நின்றான். அவரைக் கவனிப்பது அவன் வேலை. விமானம் கிளம்பியபோது அந்த ஆள் அங்கேயே நின்றுவிட்டான். அவன் நிழல் மட்டும் கூடவே ஏறிக்கொண்டது.

"அதுக்கு எதுக்கு டீ வைக்கிறீங்க?" என்று என் மனைவி ஜெயசெல்வி கேட்டாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். வாரம் ஒருமுறை மாடிக்குப் போய் அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள்.

"பிடிச்சிட்டுப் போன என் பொஸ்தகத்த வாசிக்கிறதும் அவன் வேலதானே, தங்கச்சி. ஆரம்பத்துலேருந்து கடைசி வர வாசிச்ச ஒரே ஆள் அவன்தான். எழுதுனவன் வாசகனுக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கலேன்னா எப்படி?"

"ஒங்களுக்குப் பயமே இல்லையா அண்ணாச்சி?"

"பயந்தான். பயத்துக்கிட்ட மொதல்ல கேட்டா அது வேண்டாம்னு சொல்லிரும். அதனால நான் எல்லார்ட்டயும் கேட்டுட்டுக் கடைசியிலதான் அதுக்கிட்ட கேப்பேன்."

அவருடைய நாடு கலைந்த செய்தியை ரேடியோவில் கேட்டு நான் மாடிக்கு ஓடினேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய புத்தகத்தை அங்கே அச்சடித்தார்கள், திரும்பி வரும்படி அழைத்தார்கள், அவர் பிறந்த தெருவுக்கு அவர் பெயர் வைப்பதாகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. நான் வற்புறுத்தியபோது சுவரோரம் நின்ற தொப்பியைக் காட்டினார்.

"அங்க போனா இவனுக்குத் திரும்பவும் ஒடம்பு கெடச்சிரும்."

நாடே இல்லாமல் போன பிறகும் நிழலுக்கு மட்டும் யாரும் தந்தி அடிக்கவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

அப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்துவிட்டு, ஒரு சித்திரை மாதத்தில் ஸிமின் செத்தார். உச்சியில் எடுத்தோம். முன்பக்கத் தோள் கொடுத்தவன் பிச்சைக்கனி. எல்லாரும் மண் போட்டோம், திரும்பினோம். வெயில் சாய்ந்தபோது பிச்சைக்கனியின் பெண்டாட்டி முற்றத்தில் நின்று அலறிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. முற்றத்தில், புருஷனின் நிழலுக்கு இரண்டு எட்டுப் பின்னால், மேல்கோட்டுப் போட்டு அது நின்றது.

பிச்சைக்கனி அந்த வாரம் உப்பளத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் ஒன்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தான்: அளத்தில் பெண்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிகிறது என்று. அவன் கூட்டத்துக்குப் போகவில்லை. சில நாள் கழித்து ஓர் உச்சியில் நிழல் அவனை விட்டு, கோயில் கொடைத் திருவிழா வரவு செலவு பற்றி வாய் திறக்க நினைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனது. அவரும் வாயை மூடிக்கொண்டார். அது மறுபடியும் கால் மாறியது. இப்படித்தான் ஊர் அதன் வழக்கத்தைப் புரிந்துகொண்டது. உச்சியில், நிழல்கள் எல்லாம் காலுக்கடியில் ஒடுங்கும் அந்தச் சின்னப் பொழுதில், அது கால் மாறும். பக்கத்தில் யாரிடம் சொல்லாத ஒரு சொல் இருக்கிறதோ அந்தக் காலுக்கு மாறும்.

ஊர் அதைச் சுற்றித் தன்னை மடித்து வைத்துக்கொண்டது. உச்சியில் யாரும் வெளியே வருவதில்லை என்றானது. பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்தில் கதவைச் சாத்திச் சத்துணவு போட்டோம். டீக்கடையில் பல வருஷமாகத் தொங்கிய, யாரும் மதிக்காத, அரசியல் பேசாதீர் என்ற பலகையைத் துடைத்துப் புதிதாகச் சாயம் அடித்தார்கள். மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கினார். சுடலைமாடனுக்குக் கிடா வெட்டிக் குறி கேட்டபோது, சாமியாடி வெகுநேரம் ஆடிவிட்டு, "இது நம்ம எல்லையில உள்ளது இல்ல, அது பேசுறது எனக்கு வெளங்கல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்ட்டாச்சா" என்று கேட்டார்கள். பதில் வருவதற்குள் நடந்துவிட்டார்கள். நிழல் யாரிடம் இருக்கிறது என்பதை ஊருக்கு அறிவித்தது பால்காரி சீனியம்மாளின் சைக்கிள் மணி. விடியற்காலையில் வீட்டுக்கு வீடு நின்று ஒலிக்கும் அந்த மணி, நிழல் வந்த வீட்டின் முன்னால் மட்டும் நிற்காமல், கொஞ்சம் வேகமெடுத்துக்கூட, கடந்துபோகும். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் காரியங்களை ஒழுங்கு செய்துகொண்டார்கள்: கடைக்காரர் சாமான் இல்லை என்றார், பக்கத்து வீட்டுக்காரர் பொதுச்சுவரில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டார், சம்பந்தம் பேசியவர்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சங்கச் செயலாளர் ஒருவர் மட்டும் இதையெல்லாம் சட்டைசெய்யாமல், நிழலோடு, அளத்து விஷயமாகப் பேச வெளியூருக்கு பஸ் ஏறினார். அவர் திரும்பவில்லை. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஆள் யாரும் இல்லாமல் அந்த நிழல் மட்டும் நின்று, அடுத்த காலுக்காகக் காத்திருந்தது.

அத்தனை வருஷத்தில் அது என்னிடம் வந்ததே இல்லை. ஆரம்பத்தில் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, வேறு மாதிரியும் தோன்றியது. ஸிமினோடு அதிகம் பேசியவன் நான். அவர் வாழ்க்கையை அறிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அப்படியிருந்தும், சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை என்று அந்த நிழல் எப்படி அவ்வளவு நிச்சயமாக முடிவு செய்தது?

இந்த மாசியில் இசக்கிதுரை செத்தான். அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுகிறவன், முப்பது வயது. பாத்திகளுக்கு வரும் தண்ணீரில் பக்கத்து ஆலையின் கழிவு கலக்கிறதே என்று நாலு பேர் முன்னால் கேட்டவன். விடியும்போது உப்புநீர்த் தொட்டியில் மிதந்தான். பிச்சைக்கனிதான் இறங்கித் தூக்கினான். சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தபோது செல்வி அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவிட்ட நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் அவன் இரண்டு மணிக்கட்டையும் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் கயிற்றுத் தடம், உப்பு ஏறி வெடித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துணியை இழுத்து மூடினாள். கால் வழுக்கி விழுந்தான் என்று எழுதினார்கள்.

இசக்கிதுரையின் அம்மா மேலே மேலே மனுப்போட்டு, கடைசியில் ஓர் அதிகாரி விசாரிக்க வருவதாக அறிவிப்பு வந்தது. அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே செல்வி, "நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றாள். மறுநாள் உச்சியில், சுகாதார நிலையத்து வாசலில், அது அவளிடம் வந்தது.

விடிந்ததும் சைக்கிள் மணி எங்கள் வீட்டைக் கடந்து போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? எதிர் வீட்டு மதில் ஓரம் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு கடலை தின்றார்கள், தொலியை எங்கள் பக்கமாக ஊதினார்கள். தலைமையாசிரியர் என் தோளில் கை வைத்து, "கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்" என்றார், உடனே கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். செல்வி முற்றம் தெளித்தால் வாளிக்குப் பின்னால் தொப்பி தெரிந்தது. அவள் துணி உலர்த்தினால் சேலையின் மேல் கோட்டு விழுந்தது. நான் அதைப் பார்க்காமலிருக்கப் பழகினேன், அதாவது என் மனைவியைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.

"செல்வி, நமக்கெதுக்கு?" என்றேன் ஒருநாள்.

"கட்டுப் போடுற கைங்க எனக்கு. கட்டுன தடம் எனக்குத் தெரியாதா?"

"அந்தச் செயலாளர் என்ன ஆனார்னு மறந்துட்டியா? பின்னால நிக்கிறதப் பாத்தும் உனக்கு..."

"பாக்கத்தான் செய்றேன். நீங்கதான் பாக்க மாட்டேங்குறீங்க." அவள் தரையைக் காட்டினாள். "இந்த மனுசன் வந்து இத்தன நாளாச்சு. ஒரு வார்த்த பேசிருப்பாரா? ஒரு கல்லெடுத்து எறிஞ்சிருப்பாரா? பால நிறுத்துனது இவரா? சுவத்துலேருந்து துணிய எடுத்தது இவரா? பாவம், நிக்கிறாரு. மத்ததெல்லாம் நம்ம ஊரு பண்ணுது."

அவள் பயந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்; தூக்கத்தில் பல்லைக் கடித்தாள்.

விசாரணை சங்க மண்டபத்தில். ஊரே வந்திருந்தது, யாரும் யார் பக்கத்திலும் உட்காராமல். செல்வி எழுந்து நின்று, மருந்துச் சீட்டு வாசிப்பதைப்போல ஏற்ற இறக்கம் இல்லாமல், பார்த்ததைச் சொன்னாள். இரண்டு மணிக்கட்டு. கயிறு. உள்பக்கம் முடிச்சு அழுந்திய இடம். அதிகாரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒருத்தர் சொன்னாப் போதாதும்மா. உடம்பப் பாத்தவங்க வேற யாரு?"

தூக்கியவன் பிச்சைக்கனி மூன்றாவது வரிசையில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ ஒங்ககூட யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல சார்" என்றாள் செல்வி.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் வேற யாராவது வந்து சொன்னா எழுதிக்கிறேன். இல்லேன்னா விபத்துன்னு முடிச்சிருவேன்." அவர் பேனாவை மூடினார்.

கூட்டம் வெளியே வந்தபோது உச்சி. மண்டபத்துக்கு முன்னால் பழைய உப்பு அம்பாரம் போட்ட திடல், புல்கூட முளைக்காத வெள்ளைத் தரை. அத்தனை பேரும் விழுந்தடித்து ஓரத்து ஓட்டுக் கொட்டகைக்குள் போய் ஒண்டினார்கள். அங்கே யாருக்கும் நிழல் விழாது. செல்வி மட்டும் திடலின் நடுவில் நின்றாள். ஓடத் தெரியாததாலா, ஓடக்கூடாது என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் காலடியில் ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் இரண்டும் கிடந்தன. அவள் சொல்லி முடித்துவிட்டாள். அவளிடம் அதற்கு இனி வேலை இல்லை. சொல்லாதவன் ஒருவன் பக்கத்தில் வந்தால் மாறிக்கொள்ளும், வராவிட்டால் அவளுக்கே நிலைக்கும்.

நானும் கொட்டகைக்குள்தான் நின்றேன். என் முன்னால் இருந்தவரின் முதுகில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். இசக்கிதுரையின் அம்மாவைப் பார்த்தேன். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் இல்ல சார் என்று சொன்ன குரலை மறுபடி கேட்டேன். எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது. பயத்திடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், ஆகவே அது வாயைத் திறக்கும் முன்பு காலை எடுத்து வெளியே வைத்தேன். வெள்ளைத் தரையின் வெக்கை செருப்பைத் தாண்டி ஏறியது. செல்வியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "போங்க உள்ள."

"வெயிலா இருக்கு."

"அதான் சொல்றேன், போங்க."

"இல்ல, ஒனக்கு வெயிலா இருக்கேன்னு வந்தேன்."

"கொடையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல" என்றாள். அவள் உதடு கோணி, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றது.

பின்னால் காலடி கேட்டது. பிச்சைக்கனி.

"தள்ளி நில்லும் வாத்தியாரே, ஒரு ஆளுக்கு எடம் விடும். ஏற்கெனவே எங்கிட்ட கெடந்த கழுததான. என் வீட்டு வழி அதுக்குத் தெரியும்." அவன் குரல் கீச்சென்று எழும்பி உடைந்தது.

மூவரும் அசையாமல் நின்றோம். கொட்டகைக்குள்ளிருந்து வேறு யாரும் வரவில்லை. பிறகு மண்டபத்துக்குள் போனோம். பிச்சைக்கனி தூக்கியதைச் சொன்னான். நான் வாசற்படியில் நின்று பார்த்ததைச் சொன்னேன். அதிகாரி எங்கள் சொற்களை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். அவை எங்கே போகும், யார் மேஜையில் கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செல்வி தன் காலைப் பார்த்தாள்: ஒன்றுதான். பிச்சைக்கனி பார்த்தான்: ஒன்று. நான் நாலு எட்டு நடந்து, நின்றேன். என் பின்னால் ஏதோ ஒரு கணம் தாமதித்து நின்றது.

அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக நேராகப் பார்த்தேன். ஸிமின் சொன்ன இளைஞன் இல்லை. தோள் சரிந்து, முதுகு வளைந்து, கோட்டு தொளதொளவென்று தொங்கியது. கிழவன். ஆனாலும் அதன் வேலை முடியவில்லை.

வீட்டில் பால் இல்லை. செல்வி பால் விடாமல் டீ போட்டாள், மூன்று கிளாஸ். மூன்றாவதை எனக்கு இரண்டு எட்டுப் பின்னால் தரையில் வைத்தாள். எதிரே மோட்டார் சைக்கிள் ஒன்று இரண்டாகியிருந்தது. தெருவில் எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. பேசிய ஒரு சொல்லுக்கும் நான் வருந்தவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த இரவு முழுக்க, எழுந்து போய் அதிகாரியின் காலில் விழுந்து அத்தனையையும் திருப்பி வாங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

விடியும் நேரத்தில் மணி கேட்டது. தெருமுனையில். முதல் வீட்டில் நின்றது. அடுத்த வீட்டில் நின்றது. பக்கத்து வீட்டில் நின்று, பால் ஊற்றும் சத்தம், மூடி போடும் சத்தம், மறுபடி சைக்கிள் நகரும் சத்தம். இனி வேகமெடுக்கும். செல்வியின் விரல்கள் இறுகின.

மணி எங்கள் வாசலில் நின்றது.

வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் மணியைப் பிடுங்கி அடிக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் வாசல் கிழக்கே பார்த்தது. அப்போதுதான் எதிர் மதிலுக்கு மேலே எழுந்த சூரியன் நேராக என் முகத்தில் அடித்தது. சீனியம்மாள் படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குள் நீண்டு கிடந்ததைப் பார்த்தாள். எதிரே மதிலோரம் பேச்சு நின்றுபோனது. பால் அளக்கும் படியில் விளிம்பு வரை முகந்தாள், அது தளும்பி வாசல் தரையில் சிந்தியது, அவள் அதைத் துடைக்கக் குனியவில்லை.

"சார்," என்றாள், "ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஊத்தவா? இல்ல, அவருக்கும் சேத்தா?"